இரண்டு வீடு, ஒரே பாதை: மாதிரி ரயில்களுக்கு இடையே சரக்கு வண்டி ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரத்தில் ஒருவர் மாடி அறையில் எச்.ஓ. அளவில் (நிஜத்தில் 87ல் ஒரு பங்கு) மாதிரி ரயில் பாதை போட்டிருக்கிறார். மண்டபத்தில் இன்னொருவர் வீட்டுத் திண்ணையை அடைத்து யார்டு கட்டியிருக்கிறார். வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட்டிச் சலித்த பிறகு இருவருக்கும் வருகிற அடுத்த ஆசை ஒன்றுதான்: என் வேகன் உங்கள் ஸ்டேஷனுக்குச் சரக்கோடு வர வேண்டும், உங்கள் வேகன் என் கூட்ஸ் ஷெட்டில் நின்று இறக்க வேண்டும்.

இப்படிக் கைகோத்தவர்களில் பலர் சில வாரங்களிலேயே விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். பாதையோ எஞ்சினோ பழுதாகி நிற்பது அபூர்வம். எந்த வேகன் இப்போது யார் கணக்கில் இருக்கிறது என்பது குழம்பிப்போய்த்தான் நிற்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே ஒரு விதியைக் காப்பாற்றுவதற்காக: ஒரு வேகன் எண், ஒரு நேரத்தில், ஒரே இடத்தில்தான் இருக்கலாம். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் ஐந்து படிகள் முடியும்வரை எதையும் ஓட்ட வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு வீட்டிலும் தடம்புரளாமல் வண்டி ஓடும் பாதை வேண்டும். பெரிதாக இருக்கத் தேவையில்லை. ஒரு லூப் லைன் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை), இரண்டு சைடிங் (சரக்கு ஏற்றி இறக்கும் கிளைப் பாதை), ஒரு ஓரத்தில் 'வெளியூர்' என்று வைத்துக்கொள்ள ஒரு மறைவுப் பாதை. இவ்வளவு போதும். அந்த மறைவுப் பாதைதான் அடுத்த வீட்டுக்கான வாசல். அது இல்லாமல் தொடங்கினால் வெளியூர் போன வண்டி ஸ்டேஷன் நடுவிலேயே நிற்கும், வேகனைக் கழற்றி இடம் மாற்றும் ஷண்டிங் எல்லாம் அதற்காகக் காத்துக்கிடக்கும்.

அதோடு வேகன்களை எடுத்து வைக்க ஒரு தட்டு, அட்டை, பென்சில், நல்ல சமையலறைத் தராசு, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கேஜ் அளவுகோல். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். அது ஏன் வேண்டும் என்பது நாலாம் படியில் வரும்.

2. வேகன் போகுமா, சீட்டு போகுமா?

இரண்டு வழி உண்டு. வேகனையே பெட்டியில் வைத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவது ஒன்று. வேகன் வீட்டிலேயே இருக்க, அதன் சீட்டை (என்ன சரக்கு, எங்கே போகிறது என்று எழுதியது) மட்டும் அனுப்புவது மற்றது. புதியவர்கள் முதல் வழியில்தான் குதிக்கிறார்கள். சீட்டு வழியில் தொடங்குவதுதான் நல்லது. பஸ்ஸில் போய்வரும் வேகன் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடியையோ, வேகன்களைக் கோக்கும் கப்லிங் ஒன்றையோ இழந்து வரும். போக ஆள் இல்லாத மாதத்தில் போக்குவரத்தே நின்றுவிடும்.

சீட்டு வழிக்கு நான் பரிந்துரைப்பது இரட்டை வேகன் முறை. இரண்டு வீட்டிலும் ஒரே வகை, ஒரே எண் கொண்ட வேகன் ஒவ்வொன்று இருக்கும். ராமநாதபுரத்தில் பாதையில் நிற்கும்போது மண்டபத்தில் உள்ள அதன் இரட்டை தட்டில் இருக்கும். வண்டி ராமநாதபுரத்து மறைவுப் பாதைக்குள் நுழைந்ததும் இங்கே உள்ளதைத் தட்டில் ஏற்றுவார்கள். அங்கே வந்துசேர்ந்ததும் அங்குள்ளதைத் தட்டிலிருந்து இறக்கிப் பாதையில் வைப்பார்கள்.

இதன் பெரிய வசதி, தட்டைப் பார்த்தாலே கணக்குத் தெரியும் என்பது. இரண்டு வீட்டிலும் அந்த எண் பாதையில் இருந்தால் யாரோ தட்டில் ஏற்ற மறந்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் தட்டில் இருந்தால் அது வழியில் இருக்கிறது. வழியில் எதுவும் இல்லாத நாளிலும் அப்படி இருந்தால், ஒப்படைப்பு ஒன்று பாதியில் நின்றிருக்கிறது.

வீட்டுக்குப் பன்னிரண்டு வேகனோடு தொடங்கலாம். அதற்கு மேல் வைத்தால் பெயின்ட் அடித்து எண் எழுதும் வேலையிலேயே ஆறு மாதம் போய்விடும்.

எஞ்சின் மட்டும் எந்த வழியிலும் வீட்டைவிட்டுப் போகக் கூடாது. டி.சி.சி. (ஒவ்வொரு எஞ்சினையும் தனி முகவரி கொடுத்து ஓட்டும் டிஜிட்டல் முறை) வைத்திருப்பவர்களில் பலர் எஞ்சினுக்கு ஆலையில் கொடுத்த 3 என்ற முகவரியையே மாற்றாமல் வைத்திருப்பார்கள். விருந்தாளி எஞ்சினைப் பாதையில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். நிஜ ரயில்வேயிலும் வழியில் எஞ்சின் மாற்றுவது சாதாரணம்தானே.

3. எந்த ஊர், எந்தக் காலம்

ஒவ்வொரு வீடும் எந்த ஸ்டேஷன் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நமக்கு இது சுலபம், பாதை ஒன்றே ஒன்றுதான். மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம். இந்த வரிசையில் உங்கள் வீடு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டால், கிழக்கே போகும் சரக்கு எது, மேற்கே போகும் சரக்கு எது என்று தானாகப் பிரிந்துவிடும். கற்பனைப் பெயர் வைக்க ஆசைப்பட்டால் வைக்கலாம். ஆனால் அதை இந்த வரிசையில் எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே செருகுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். இல்லையென்றால் 'கிழக்கு' என்று ஒருவர் சொன்னது மற்றவருக்கு மேற்காகிவிடும்.

அடுத்தது காலம். 2006 வரை ராமேஸ்வரத்துக்கு மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்). 2007ல் அகலப்பாதையில் வண்டி திரும்பியது. 1914ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தைய காலம் என்றால் தனுஷ்கோடியும் வரைபடத்தில் வரும். இதில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து இரண்டு வீட்டிலும் எழுதி ஒட்டுங்கள்.

எந்தக் காலம் என்பது ரசனை மட்டும் சம்பந்தப்பட்டதில்லை, ஓட்டத்தையே மாற்றும். இன்றைய ரயில்வேயில் சரக்கு பெரும்பாலும் முழு ரேக்காகத்தான் (பிரிக்காமல் ஒன்றாக ஓடும் வேகன் தொகுப்பு) போகும். ஒரே சரக்கு, நாற்பதுக்கு மேல் வேகன், ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்குவார்கள். ஒற்றை வேகனைக் கழற்றி உப்பளச் சைடிங்கில் தள்ளும் ஷண்டிங் எல்லாம் பழைய காலத்து வேலை. அதுதான் வீட்டுப் பாதைக்குப் பொருத்தம், அதில்தான் சுவை. அதனால் மீட்டர் கேஜ் காலத்து வேலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

பாதை மட்டும் 16.5 மி.மீ.யாகவே இருக்கட்டும். எச்.ஓ.வில் மீட்டர் கேஜுக்குச் சரியான அளவு 12 மி.மீ. அதற்கான பாதையும் சக்கரமும் நம்மூரில் தேடி அலைய வேண்டிய பொருள். ஒருவர் 12, மற்றவர் 16.5 என்று ஏற்கெனவே போட்டிருந்தால் கவலைப்பட வேண்டாம். இரட்டை வேகன் முறையில் கேஜ் வேறாக இருப்பது தடையே இல்லை. இரண்டுக்கும் நடுவே சரக்கு மாற்றும் கொட்டகை இருப்பதாக வைத்துக்கொண்டு, வேகனுக்குப் பதில் சரக்குச் சீட்டை மட்டும் மாற்றினால் போதும். கேஜ் மாறும் ஊர்களில் மூட்டை இறக்கி மூட்டை ஏற்றியதுதான் நம் ரயில்வேயின் பழைய நடைமுறை.

4. வேகன் தகுதிச் சோதனை

இந்தப் படியில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். 'என் வீட்டில் நன்றாகத்தானே ஓடுகிறது' என்பதுதான் இங்கே கேட்கும் முதல் வாக்கியம். அவரவர் வீட்டில் ஓடுவது அவரவர் பாதைக்குப் பழகிய வேகன். வேகன் வீடு மாறாவிட்டாலும் இரண்டு வீட்டிலும் ஒரே அளவு இருந்தால்தான், அங்கே பத்து வேகனை இழுத்த வண்டி இங்கேயும் பத்தை இழுக்கும்.

சக்கரம்: என்.எம்.ஆர்.ஏ. (மாதிரி ரயில் அளவுகளை வகுக்கும் அமெரிக்கச் சங்கம்) அளவுகோல் ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்குங்கள். கைக்கு அடக்கமான தகடு அது. சக்கரத்துக்குச் சக்கரம் உள்ள இடைவெளி, பாயின்டில் (பாதை பிரியும் இடம்) உள்ள இடைவெளி எல்லாவற்றையும் அதை வைத்தே பார்க்கலாம். சக்கரங்கள் நெருங்கியிருந்தால் பாயின்டில் ஏறி இறங்கும், விலகியிருந்தால் தண்டவாளத்தை நெருக்கும். பிளாஸ்டிக் சக்கரத்தை உலோகத்துக்கு மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக்கில் அழுக்கு ஒட்டும், அந்த அழுக்கைப் பாதை முழுக்கத் தடவிக்கொண்டே போகும்.

கப்லிங்: இரண்டு வீட்டிலும் ஒரே வகை, ஒரே உயரம். எச்.ஓ.வில் என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் நடு உயரம் தண்டவாள மேல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 9.9 மி.மீ. ஒரு மி.மீ. ஏறி இறங்கினாலும் பாம்பன் பாலத்து ஏற்றத்தில் வண்டி இரண்டாகப் பிரியும்.

எடை: என்.எம்.ஆர்.ஏ. கணக்கு எளிது. ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நிஜத்தில் 10.7 மீட்டர் நீளமுள்ள பாக்ஸ்.என். திறந்த வேகன் எச்.ஓ.வில் 12.3 செ.மீ. வரும். அதற்கு 97 கிராம் எடை தேவை. கடையில் வாங்கிய வேகனும் 3டி அச்சில் எடுத்த வேகனும் பெரும்பாலும் இதில் பாதிகூட இருக்காது. எடை சேர்க்க இரும்பு நட்டைப் போடாதீர்கள். நம் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் துரு கசிந்து வேகனின் தரை கறைபடும். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் எந்த வலைக்கடையிலும் கிடைக்கும். தட்டையாக்கி, சக்கரக் கூடுகளுக்கு மேலே வருமாறு இரண்டாகப் பிரித்து ஒட்டுங்கள். நடுவில் மொத்தமாக வைத்தால் வேகன் முனைகள் லேசாகி வளைவில் தூக்கும். ஈயத்தைத் தொட்டபின் கையைக் கழுவிவிடுங்கள், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள்.

கடற்கரைக்கென்று இன்னொரு வார்த்தை. உப்புக் காற்று தண்டவாளத்தில் படிந்து மின்சாரத்தைத் தடுக்கும். இரும்புத் தண்டவாளம் நமக்கு ஆகாது, பித்தளையும் சீக்கிரம் கறுக்கும். நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவையில் செய்தது வாங்குங்கள். ஓட்டத்துக்கு முன் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். மருந்துக்கடை ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். அது பளபளப்பாகத் தெரியும், பிறகு அழுக்கை இழுக்கும்.

சோதனையில் தேறிய வேகனின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். புள்ளி இல்லாத வேகன் பொதுப் பதிவேட்டில் ஏறக் கூடாது. நண்பர் மனம் நோகுமே என்று இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். தேறாத ஒரு வேகன் ஒரு மாலையையே கெடுத்துவிடும்.

5. பதிவேடும் எண்ணும்

தகுதி பெற்ற ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு எண். இங்கே இந்திய ரயில்வேயின் 11 இலக்க முறையிலிருந்து ஒரு நல்ல விஷயத்தை எடுத்துக்கொள்ளலாம், காலம் எதுவாக இருந்தாலும். அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே என்பது (தெற்கு ரயில்வேக்கு 06), அடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு நான்கு இலக்கம் அந்த வேகனின் சொந்த எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு.

சரிபார்ப்பு இலக்கத்தைக் கண்டுபிடிப்பது இப்படி: இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி அதோடு சேருங்கள். அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம். உதாரணமாக 22 06 04 1376. இரட்டை இடங்கள் 2, 6, 4, 3, 6. கூட்டினால் 21, மூன்றால் பெருக்க 63. ஒற்றை இடங்கள் 2, 0, 0, 1, 7, கூட்டினால் 10. மொத்தம் 73. எண்பதுக்கு 7 குறைகிறது. ஆக 22060413767.

வீட்டு விளையாட்டுக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். அவசரத்தில் போனில் தட்டும்போது 1376 என்பதை 3176 என்று மாற்றி அடித்தால் கடைசி இலக்கம் 7க்குப் பதில் 1 வர வேண்டும். வாங்குபவர் அங்கேயே பிடித்துவிடுவார். முழு 11 இலக்கம் அதிகமென்று தோன்றினால் நாலு இலக்கம், ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். சரிபார்ப்பை மட்டும் விடாதீர்கள்.

பதிவேட்டின் மூலப் பிரதி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். இருவரும் தனித்தனியாகத் திருத்தினால் ஒரு மாதத்தில் இரண்டு உண்மை இருக்கும். மாதம் ஒருவர் என்று மாற்றிக்கொள்வது சரியாக வரும்.

6. சரக்குப் பட்டியல், முக்கியமாகக் காலி வேகன்

இப்போதுதான் சுவையான இடம். உங்கள் ஸ்டேஷனிலிருந்து என்ன போகும், என்ன வரும்? நம் மண்ணில் தேடவே வேண்டாம். வாலிநோக்கத்து உப்பு, முதுகுளத்தூர் பக்கத்துக் கருவேலங்கரி, முண்டு மிளகாய், கருப்பட்டி, மண்டபம் கருவாடு. உள்ளே வர அரிசி, சிமென்ட், உரம், படகு கட்ட மரம். ஒவ்வொன்றுக்கும் எந்த வகை வேகன், ஓட்டத்துக்கு எத்தனை, ஏற்ற இறக்க எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள்.

எழுதியதும் வகைவாரியாகக் கூட்டிப் பாருங்கள். இங்கேதான் ஏறக்குறைய எல்லாரும் தடுக்குகிறார்கள். மண்டபத்திலிருந்து கருவாடும் கருப்பட்டியுமாக மூடிய வேகன் நாலு கிளம்புகிறது, அரிசியோடு மூடிய வேகன் இரண்டுதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஓட்டத்துக்குள் மண்டபத்தில் மூடிய வேகன் தீர்ந்துவிடும், ராமநாதபுரத்தில் சைடிங் எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கும். குறைகிற இரண்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் காலியாகத் திரும்பி வர வேண்டும். காலி வேகனுக்கும் சீட்டு உண்டு, எண் உண்டு, ஒப்படைப்பு உண்டு. காலிதானே என்று சும்மா எடுத்து வைத்தால் அன்றே கணக்கு உடையும்.

வண்டியின் நீளத்தையும் இதே படியில் தீர்மானியுங்கள். இரண்டு வீட்டில் சின்ன லூப் எதுவோ அதுதான் அளவு. லூப் ஒன்றரை மீட்டர் என்றால், டபிள்யூ.டி.எம்.2 டீசல் எஞ்சின் சுமார் 20 செ.மீ., கடைசியில் கார்டு இருக்கும் பிரேக் வேனுக்கு 12 செ.மீ., இரண்டு முனையிலும் பாயின்டை அடைக்காமலிருக்க மொத்தம் 10 செ.மீ. கழித்தால் மிச்சம் 108. பாக்ஸ்.என். வேகன் எட்டு நிற்கும். ஒன்பதாவதை நுழைக்கப் பார்க்காதீர்கள்.

சரக்கைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள். ஏற்றிய வேகன் ஏற்றியதாகவே தெரிய வேண்டும். கரிக்கு நிஜக் கரியையே இடித்துச் சலித்து மெல்லிய ஃபோம் துண்டின் மேல் பசையில் ஒட்டலாம், அதைவிட அழகு எதிலும் வராது. உப்புக்கு மட்டும் நிஜ உப்பு வேண்டவே வேண்டாம். ஈரத்தை இழுத்துக் கசிந்து அச்சையும் தண்டவாளத்தையும் அரித்துவிடும். வெள்ளை மார்பிள் தூள் போதும்.

7. சீட்டு எழுதும் முறை

ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு கெட்டி அட்டை: எண், வகை, எடை, பச்சைப் புள்ளி பெற்ற தேதி. அட்டையில் ஒரு பை. அந்தப் பையில் சரக்குச் சீட்டு. சீட்டின் இரண்டு பக்கத்திலும் மேலும் கீழுமாக நாலு பயணம் எழுதலாம்.

பயணம் 1: ராமநாதபுரம் கரிமேட்டில் ஏற்றி மானாமதுரை வழியாக வெளியூர். 2: காலியாக ராமநாதபுரம் திரும்பு. 3: மிளகாய்க் கிடங்குக்குப் போய் ஏற்றி மண்டபம். 4: மண்டபத்தில் காலி, அங்கேயே காத்திரு. வேகன் போய்ச்சேர்ந்த பிறகு சீட்டைத் திருப்பினால் அடுத்த பயணம் மேலே வரும்.

திருப்புவது எப்போது? ஓட்டம் முடிந்த பிறகு மட்டும். வேகன் சைடிங்கில் நுழைந்த கையோடு திருப்பிவிட்டால், இறக்க நேரமே கொடுக்காமல் அடுத்த வண்டி அதை இழுத்துக்கொண்டு போகும். காலையில் வந்த உரம் மாலைக்குள் மறைந்துவிட்டால் ஊர் இருப்பதுபோலவே தோன்றாது. திருப்பும் உரிமை வேகன் நிற்கும் வீட்டுக்காரருக்கே.

8. ஒப்படைப்பு

மற்றது எதில் சற்றுத் தளர்ந்தாலும் இதில் தளரக் கூடாது.

நிஜ ஸ்டேஷன் மாஸ்டர்கள் செய்வதையே செய்யுங்கள். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் (பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி) கொடுக்காமல் வண்டி கிளம்பாது. கொடுக்கும்போது ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார்கள். அச்சிட்ட தாளில் வரிசையில்லாமல் இருக்கும் இரண்டு இலக்க எண்களில் அடுத்ததைச் சொல்லிவிட்டு அடித்துவிடுவது வழக்கம். கேட்டவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். 'சரி சரி' என்று சொன்னதாக நினைத்தேன் என்ற பேச்சுக்கு அதில் இடமே இல்லை. நம்பர் இருந்தால் சொல்லியிருக்கிறார், இல்லையென்றால் சொல்லவில்லை.

இருவரும் வேறு வேறு தாள் தயாரித்துக்கொள்ளுங்கள். போனில் பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணே, ராமநாதபுரம். கூட்ஸ் ஒண்ணு, ஏழு வண்டி, பிரேக் வேன் தனி. லைன் கிளியர் குடுங்க."

"இருப்பா, லூப்பு ரெண்டுல ஐஸ் வண்டி நிக்குது. தள்ளிட்டுச் சொல்றேன்... ம், இப்ப காலி. லைன் கிளியர் குடுத்தாச்சு. நம்பர் நாலு ஏழு."

"நாலு ஏழு. சீட்டு அனுப்புறேன், பாருங்கண்ணே."

பிறகு வேகன் பட்டியல் வாட்ஸ்அப்பில் போகும். அதற்கென்று தனிக் குழு வையுங்கள். அதில் காலை வணக்கம் உட்பட வேறு எதுவும் வரக் கூடாது, தேடும்போது கிடைக்காது. பட்டியலில் வண்டி எண், எஞ்சினிலிருந்து தொடங்கி வரிசையாக வேகன் எண்கள், ஏற்றியதா காலியா, போகும் இடம், வாங்கிய பிரைவேட் நம்பர். எஞ்சினிலிருந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். அனுப்புபவர் பிரேக் வேனிலிருந்து எழுதிவிட்டால் வாங்குபவர் வண்டியைத் தலைகீழாகக் கோப்பார். முதல் சைடிங்கில் கழற்ற வேண்டிய வேகன் வால்பக்கம் போய்விடும். பட்டியலோடு வண்டியின் பக்கவாட்டுப் படம் ஒன்றும் அனுப்பினால் சந்தேகமே வராது.

வாங்குபவர் தட்டிலிருந்து இரட்டைகளை இறக்கி, கோத்து, ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பார்த்து, வந்துசேர்ந்தது என்று தம் பக்கத்துப் பிரைவேட் நம்பரோடு பதில் அனுப்புவார். அந்த நிமிடத்தில்தான் வேகன்கள் அவர் கணக்குக்கு மாறுகின்றன. அதுவரை அனுப்பியவர் கணக்கு, அவர் தட்டில்தான் இருக்கும். பட்டியலில் உள்ள ஒரு வேகன் வாங்குபவரிடம் இல்லையென்றால், இருப்பதை வைத்து ஒப்பேற்றக் கூடாது. அந்த ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பினதாகச் சொல்லி, மற்றவற்றை மட்டும் ஏற்க வேண்டும்.

பாம்பன் உங்கள் வரைபடத்தில் இருந்தால் ஒரு கூடுதல் விதி. பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். பழைய பாலம் ஓட்டத்தில் இருந்தபோது காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி வண்டி நின்றது. இதற்குச் சில காற்றுச் சீட்டுகளைச் செய்து கலைத்து வையுங்கள். பாலத்துக்கு லைன் கிளியர் கேட்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். காற்று வந்தால் உடனே அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அங்கே லூப்பைக் காலி செய்துவிட்டு வராத வண்டிக்காகக் காத்திருப்பார்கள்.

9. முதல் ஓட்டம்

இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து நேரலையாக ஓட்ட வேண்டுமென்று எல்லாருக்கும் ஆவல். முதலில் வேண்டாம். ஒருவர் சனிக்கிழமை ஓட்டி அனுப்பட்டும், மற்றவர் தமக்கு ஒழியும்போது வாங்கட்டும். நிஜச் சரக்கும் வழியில் ஒரு நாள் இரண்டு நாள் கிடக்கத்தான் செய்யும். கரண்ட் போனாலும் சிக்னல் கிடைக்காவிட்டாலும் இந்த முறையில் எதுவும் கெடாது. லைன் கிளியர் கேட்பதும் நம்பர் வாங்குவதும் வாட்ஸ்அப்பிலேயே நடக்கலாம்.

இது பழகி, தட்டுக் கணக்கு பிசகாமல் வந்துகொண்டிருந்தால் நேரலைக்குப் போகலாம். அப்போதும் கடிகாரம் வைக்காமல், வண்டி வரிசையை மட்டும் வைத்து ஓட்டுங்கள்: முதலில் மேற்கே போகும் கூட்ஸ், அது சேர்ந்ததும் கிழக்கே வருவது, பிறகு பாசஞ்சர். வேகக் கடிகாரம் கடைசியில் வரட்டும். அதற்கும் தனிக் கருவி தேவையில்லை. ஒரு நிஜ நிமிடத்துக்கு நாலு நிமிடம் என்று வைத்து, மாலை 6 மணிக்கு வண்டியுலகத்தில் காலை 5 மணி என்றால், 6.30க்கு அங்கே 7 மணி. இருவர் போனிலும் நேரம் ஒன்றுதான், மனக்கணக்கிலேயே ஒத்துப்போகும். கரண்ட் போனால் போன நிமிடங்களைக் குறித்துக் கழித்துவிட வேண்டும், அதையும் நம்பரோடு சொல்லிவிட வேண்டும்.

முதல் ஓட்டத்தில் மூன்று வேகனுக்கு மேல் அனுப்பாதீர்கள். மூன்றும் திரும்பி வந்து கணக்குச் சரியாக இருந்தால் எட்டுக்குப் போங்கள்.

10. நிஜ வேகனை எடுத்துப்போகும் நாள்

பண்டிகைக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போகும்போது நிஜ வேகனையே கொண்டுபோகத் தோன்றும். தாராளமாகச் செய்யலாம், ஆனால் இரட்டை வேகன் விதியை அன்று மறந்துவிடக் கூடாது. கொண்டுபோன எண்ணின் இரட்டை அங்கே தட்டில் இருக்க வேண்டும், சீட்டு கூடவே வர வேண்டும்.

மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஃபோமை வேகன் அளவுக்கு வெட்டிப் பதியுங்கள். பஞ்சு, பழைய துணி ஆகாது, நூல் அச்சில் சுற்றிக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்று உள்ளே போடுங்கள், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இரண்டு. பைக் பெட்டியில் வைத்தால் அதிர்வில் ஸ்க்ரூ கழலும். பஸ்ஸோ ரயிலோ, மடியில் வைத்துக்கொண்டு போவதே மேல். போனதும் பச்சைப் புள்ளி இருக்கிறதென்று நேராகப் பாதையில் வைக்காமல், சக்கரத்தையும் கப்லிங்கையும் மறுபடி அளவுகோலில் பாருங்கள்.

11. மூன்றாவது வீடு

இருவருக்கும் பழகியதும் காரைக்குடியிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ ஒருவர் சேரக் கேட்பார். அவருக்கு மானாமதுரை வழியாகத்தான் கதவு. மதுரை, காரைக்குடி, விருதுநகர், ராமேஸ்வரம் என்று நாலு பக்கப் பாதையும் கூடும் ஜங்ஷன் அது. மானாமதுரையை யாராவது ஒருவர் ஏற்க வேண்டும். யாரும் கட்டவில்லை என்றால் பதிவேடு வைத்திருப்பவர் தட்டில் ஒரு வரிசையை மானாமதுரை என்று ஒதுக்கலாம்.

மூன்று பேர் ஆனதும் ஒருவருக்கொருவர் குறுக்கே நேராக அனுப்பத் தொடங்குவார்கள். அதைத் தடுத்துவிடுங்கள். மண்டபத்திலிருந்து காரைக்குடிக்குப் போகும் கருவாடும் ராமநாதபுரத்திலும் மானாமதுரையிலும் ஒப்படைக்கப்பட்டுத்தான் போக வேண்டும். ஒவ்வொரு கையிலும் ஒரு நம்பர் விழுந்தால்தான் வேகன் தொலைந்த இடம் தெரியும். புதியவரின் வேகன்களுக்கும் நாலாம் படி முதலிலிருந்து நடக்க வேண்டும். எத்தனை வருடமாக ஓட்டுகிறவராக இருந்தாலும், பச்சைப் புள்ளி வாங்காமல் அவர் வேகன் மானாமதுரையைத் தாண்டக் கூடாது.

ஓட்டம் முடிந்த அன்றிரவே, படுக்கப் போகும் முன், மூவரும் தட்டையும் பாதையையும் எண்ணிக் குழுவில் போடுங்கள். ஒவ்வொரு எண்ணும் யாராவது ஒருவர் பாதையில் மட்டும் இருக்கிறதா என்று பதிவேட்டுக்காரர் பார்ப்பார். எந்தப் பாதையிலும் இல்லாத எண் ஒப்படைப்புப் பட்டியலில் வழியில் இருப்பதாக எழுதியிருக்க வேண்டும். பிசகியிருந்தால் அன்றைய ஒப்படைப்புகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். பிரைவேட் நம்பர் இல்லாத முதல் வரியில் வேகன் கிடைத்துவிடும். மறுநாளைக்குத் தள்ளினால் எந்தச் சைடிங்கில் எதைக் கழற்றினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.